குடிக்காத நாளின் தீர்ப்பு

என் அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தபோது நான் கடையில் சேலைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் அதைப் பிரிக்க முடிந்தது. கண்டியில் வீடு பார்த்துவிட்டாய், தெருப்பக்கத்து அறையில் மேசை போட்டு வாசலில் உன் வக்கீல் தொழிலுக்குப் பிரக்கிராசி என்று பலகையும் மாட்டிவிட்டாய் என்று நான் வாசித்ததும், உன் அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றபடியே, "அதை இன்னொரு தரம் வாசிங்க" என்றாள். வாசித்தேன். அதன் பிறகு உன் முதல் வழக்கைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். லொறி ஓட்டும் ஒருவன். குடித்துவிட்டு ஓட்டினான் என்று வழக்கு. கொன்ஸ்டபிள் தெருவிலேயே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு நடக்கச் சொல்லியிருக்கிறார், அவனால் நேராக நடக்க முடியவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நிற்க முடியவில்லை. 'இதில் வாதாட ஒன்றுமில்லை அப்பா, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிவிடப் போகிறேன்' என்று முடித்திருந்தாய். சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து உனக்கு எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்து, இன்று ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருப்பதால் உட்கார்ந்திருக்கிறேன். இது நீளமான கடிதமாக இருக்கும். பொறுமையாக வாசி.

உனக்கு ஒரு பெரியப்பா இருந்தார், காய்ச்சலில் காலமாகிவிட்டார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய்யில்லை. ஆனால் அவர் காய்ச்சலோடு சிறையிலிருந்து வந்தவர் என்பதை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றது உன் பெரியம்மா. நீ அப்போது தவழுகிற பிள்ளை. உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுதான் அவர்கள் அந்த நாட்களையெல்லாம் கடந்தார்கள். வளர்ந்தபிறகு நீ கேட்கவுமில்லை. நம் வீட்டில் யாரும் அதைப் பேசவுமில்லை.

அண்ணனும் நானும் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து ஒன்றாகத்தான் பதுளைக்கு வந்தோம். மாமாவின் கடையில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. எனக்குக் கடை பிடித்தது. அண்ணனுக்கு நாலு சுவருக்குள் உட்கார முடியாது. கொஞ்ச நாளிலேயே மாட்டு வண்டி வாங்கிவிட்டார். இப்போது ரயில் நம் ஊர்வரை வந்துவிட்டது. அப்போது அது பண்டாரவளையோடு நின்றுவிடும். பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹாலிஎல, தெமோதர வழியாக மலையேறிப் போய் ரயிலில் சேர்ப்பார். திரும்பும்போது அரிசியும் மண்ணெண்ணெயும் வரும். வண்டிக்கு ஆள் வைக்கலாமே என்றால், "என் மாட்டை இன்னொருத்தன் அடிக்கிறதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" என்பார். மாடுகளை அவர் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. வாயாலேயே ஓட்டுவார்.

ஆனால் அவர் குடிப்பார். இதையும் உனக்கு மறைக்கப்போவதில்லை. பயணம் போய் வந்த களைப்புக்கென்று ஆரம்பித்தது, பிறகு பயணம் போவதற்கும் குடி என்றானது. ஒருநாள் குடித்துவிட்டு வந்து அண்ணியை, உன் பெரியம்மாவை, அடித்துவிட்டார். அண்ணி வாய் திறக்காதவர்கள் என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அன்று அவர்கள் வீங்கிய முகத்தோடு நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். 'என் புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறாரு, கூப்பிட்டுக் கேளுங்க' என்று முறைப்பாடு எழுதி வைத்தார்கள். நம் ஆட்களில் எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. கடைத்தெருவே பேசியது. பொலிஸ் அண்ணனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியது. அவர் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மறுநாள் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கதிர்காமத்து முருகன் கோயிலுக்கு நடந்தே போனார். திரும்பி வந்தவர் அதன்பிறகு சாராயத்தைத் தொடவில்லை. அண்ணி முதலில் நம்பவில்லை. அவர் வந்து வண்டியை விட்டு இறங்கியதும் கிட்டே போய் வாயை மோந்து பார்ப்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டுவார். ஊருக்கு மட்டும் அது தெரியவே இல்லை. ஒருவன் குடிப்பதைத் தெருவெல்லாம் பார்க்கும். அவன் குடிக்காமல் இருப்பதை உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. அந்த மழைக்காலத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரிக்காக லுணுகலைக்குக் கீழே பிபிலைப் பக்கம் அரிசி கொண்டுபோனார். அந்தக் காட்டுப் பக்கத்தில் கொசுக்கடி பட்டு வந்தவர் காய்ச்சலில் விழுந்தார். குளிர் வந்தால் வீட்டிலுள்ள சாக்கு, கம்பளி எல்லாம் போட்டு மூடினாலும் கட்டில் நடுங்கும். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுத்துவந்த டிஸ்பென்சர், யாழ்ப்பாணத்துக்காரர், அண்ணனுக்குப் பழக்கம். டொக்டர் ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் குளிர்காய்ச்சலுக்கான கொயினா கொடுத்தார். அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், காதுக்குள் வண்டு குடைவதுபோல ஓயாமல் இரையும். பக்கத்தில் பேசுவது கேட்காது. எழுந்து நின்றால் தரை சாயும். காய்ச்சல் சீக்கிரம் போகட்டும் என்று அண்ணன் அவர் சொன்னதைவிட அதிகமாகவே விழுங்கியிருக்கிறார்.

அந்தத் தோட்டத்துப் பெட்டிகள் அன்று ரயிலுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. அண்ணி போக வேண்டாம் என்றார்கள். "இன்னைக்குப் போகலைன்னா அடுத்த லோடு வேற ஆளுக்குப் போயிடும்" என்று எழுந்துவிட்டார். கால் குடைச்சல் தாங்கவில்லை என்றதால், கற்பூரம் போட்டு வைத்திருந்த சாராயத்தை எடுத்து அண்ணிதான் முழங்காலிலிருந்து பாதம்வரை தேய்த்துவிட்டார்கள். நெஞ்சிலும் தடவினார்கள். மருந்துக்கென்று அடுக்களையில் மேல்தட்டில் வைத்திருந்த போத்தல் அது.

ஹாலிஎலவைத் தாண்டி ஒரு வளைவில் அது நடந்தது. எதிரே ஒரு துரை குதிரை வண்டியில் வந்தார், பக்கத்தில் துரைசாணி. குதிரைக்காரன் மணி அடித்திருக்கிறான், கத்தியும் இருக்கிறான். அண்ணனுக்கு எதுவும் கேட்கவில்லை. மாடுகள் நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தன. குதிரை மிரண்டு ஒதுங்க, சக்கரம் வாய்க்காலில் இறங்கி, துரைசாணி கீழே விழுந்து கை ஒடிந்துவிட்டது. மகனே, இதை நான் சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. அந்தப் பெண் வலியில் கத்தியதை அங்கிருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். காது கேட்காத, தலை சுற்றுகிற ஆள் அன்று வண்டியில் ஏறியிருக்கக் கூடாது. அது அண்ணன் செய்த தப்புத்தான். அதை அவரே கடைசிவரை சொன்னார்.

பக்கத்துக் காவல் சாவடியிலிருந்து கொன்ஸ்டபிள் வந்தார். துரை முதலில் சொன்ன வார்த்தையே, இவன் குடித்திருக்கிறான் என்பதுதான். கொன்ஸ்டபிள் அண்ணனைக் கீழே இறக்கி முகர்ந்து பார்த்தார். சாராய வாடை அடித்தது. கைத்தடியால் தெருவில் கோடு கிழித்து, அதன்மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னார். அதுவோ இறக்கம்; புதிதாகக் கல் கொட்டிய தெரு. அண்ணன் கொஞ்சம் நடந்து பக்கவாட்டில் சாய்ந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலைத் தூக்கி நிற்கச் சொன்னதும் விழுந்தார். கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார். சிங்களத்தில் ஏதோ சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். அண்ணன் கடைத்தெருச் சிங்களம் நன்றாகவே பேசுவார். ஆனால் காதில் விழவில்லை. "ஆ? என்னங்க?" என்று கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தமிழில் கேட்டிருக்கிறார். கூடி நின்ற சனம் சிரித்திருக்கிறது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, என்னவென்று தெரியாமல், அவரும் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பும் பொலிஸ் அறிக்கையில் இருந்தது.

நான் மறுநாள் காலையில் பொலிஸ் கூண்டில்தான் அவரைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நானும் முதலில் அவர் மறுபடி குடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கம்பிக்கு உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. கிட்டே போய்க் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"என்னண்ணே இது?"

"அந்த அம்மா எப்படி இருக்காங்க? கை சேர்ந்துடுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் டொக்டர் பார்த்துக்கிறாங்க. நீங்க குடிச்சீங்களா?"

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீயுமாடா தம்பி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊரில் அப்போது பேர் போன பிரக்கிராசி ஒருவர் இருந்தார். அவரைப் பிடித்தோம். நல்ல மனுஷர். அவரும் உன்னைப்போலத்தான் முதலில் சொன்னார்: "நடக்கச் சொன்னார், நடக்க முடியவில்லை. வாடையும் இருந்திருக்கிறது. ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும். மறுத்து வாதாடித் தோற்றால் சிறைதான்." நானும் அண்ணனிடம் அதையே சொன்னேன். உன் அம்மாவும் சொன்னாள். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "குடிச்ச நாள்ல கேட்டிருந்தா குடிச்சேன்னு சொல்லியிருப்பேன். குடிக்காத நாள்ல எப்படிடா சொல்றது? அப்போ அவ தினமும் மோந்து பார்த்ததெல்லாம் எதுக்கு?" என்றார். அவர் அண்ணியைத்தான் சொன்னார்.

டிஸ்பென்சரைச் சாட்சிக்குக் கூப்பிட நான்தான் போனேன். அவர் என்னை வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொண்டார். "தம்பி, விழுந்த அம்மாவின்ர புருஷன் எங்கட தோட்டத்துப் பெரிய துரையின்ர கூட்டாளி. நான் கூண்டில ஏறினால் நாளைக்கு எனக்கு இந்த வேலை இருக்குமோ? எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்" என்றார். நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டு, "எந்த நாள் எண்டு சொல்லிப்போட்டுப் போ" என்றார். வந்தார். அந்த மனுஷனை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

கோர்ட்டில் நடந்ததைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் பிரக்கிராசி கொன்ஸ்டபிளை நன்றாகவே கேட்டார். "இந்த ஆளை இதற்கு முன்னால் பார்த்திருக்கிறீரா?" இல்லை. "அவர் மற்ற நாட்களில் எப்படி நடப்பார் என்று தெரியுமா?" தெரியாது. "அந்த இடம் இறக்கமா, சமமா?" இறக்கம். "சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று பார்த்தீரா?" பதில் இல்லை. "காய்ச்சல் இருந்ததா என்று தொட்டுப் பார்த்தீரா?" "தொட்டேன், சூடாகத்தான் இருந்தது. குடித்தவர்களுக்கும் உடம்பு சூடாகத்தான் இருக்கும்" என்றார் கொன்ஸ்டபிள். அவர் பொய் சொல்லவில்லை, மகனே. பார்த்ததைத்தான் சொன்னார். பார்த்ததற்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

டிஸ்பென்சர் கொயினா கொடுத்ததைச் சொன்னார். அது தலையைச் சுற்ற வைக்குமா என்று கேட்டபோது, வைக்கும் என்றார். "அன்று காலை இவர் அதைச் சாப்பிட்டதை நீர் பார்த்தீரா?" என்று எதிர்ப்பக்கம் கேட்டது. பார்க்கவில்லை என்றார். உண்மைதானே? அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

பிறகு அண்ணி சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நீதவான் வெள்ளைக்காரர், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் பக்கத்தில் நின்று தமிழை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று காலை என்ன நடந்தது என்று கேட்டார்கள். "கால் குடையுதுன்னாரு, நான்தான் சாராயம் தேய்ச்சு விட்டேங்க. என் கையாலதான் தேய்ச்சேன். ஒரு சொட்டு வாயில படலைங்க. எந்திரிக்கும்போதே மயக்கமா இருக்குன்னாரு. போகாதீங்கன்னேன்."

முதலியார் அதை இங்கிலீஷில் சொன்னார். நம் பிரக்கிராசி துள்ளி எழுந்தார். எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் அவர் விளக்கினார். 'மயக்கம்' என்று அண்ணி சொன்னதை முதலியார் போதை என்று பொருள்படும் சொல்லால் மாற்றிவிட்டாராம். தலைச்சுற்றல் என்றுதான் பொருள் என்று பிரக்கிராசி வாதாடினார். நீதவான் முதலியாரைப் பார்த்து, "குடித்தவனுக்கும் இந்தச் சொல்லைச் சொல்வதுண்டா?" என்று கேட்டார். முதலியார் கொஞ்சம் தயங்கி, "சொல்வதுண்டு" என்றார். அதுவும் உண்மைதான். நீதவான் ஏதோ எழுதிக்கொண்டார். தமிழும் இங்கிலீஷும் படித்த உனக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கட்சிக்காரர்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து மறுகரையில் வேறொன்றாக ஏறும்போது, அங்கே நிற்கப்போவது நீதான்.

அதற்குப் பிறகு அந்தப் பழைய முறைப்பாட்டை எடுத்தார்கள். "நீதானே பொலிஸுக்குப் போய், புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று சொன்னாய்?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

"அப்போது சொன்னது உண்மையா, இப்போது சொல்வது உண்மையா?"

அண்ணி அழவில்லை. நிமிர்ந்து நீதவானைப் பார்த்தார்கள். "ரெண்டும் உண்மைங்க. அவரு குடிச்சா எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி இங்க யாருக்குங்க தெரியும்? குடிச்சா அவரு குரல் ஏறும். எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுவாரு, கோவம் வரும். அன்னைக்கு அவரு பேசவே முடியாம கிடந்தாரு. நான் அடி வாங்கினவங்க. அவருக்காகப் பொய் சொல்லணும்னு எனக்கு என்ன இருக்குங்க?"

முதலியார் அதை ஒரு சொல் விடாமல் சொன்னார் என்றே நினைக்கிறேன். ஆனால் நீதவான் எழுதிக்கொண்டதெல்லாம், வீட்டில் சாராயப் போத்தல் இருந்தது, இந்த ஆள் குடிகாரன் என்பதை மனைவியே ஒப்புக்கொள்கிறாள் என்பதுதான். தீர்ப்பில் அதைத்தான் வாசித்தார்கள்.

வாசிப்பதற்கு முன்னால் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அண்ணனைக் கேட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை, கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் காதோடு சொன்னார். அண்ணன் கை கூப்பினார். தன் குரலின் அளவு தெரியாததால் உரக்கவே சொன்னார்: "சாமி, அந்த அம்மா கை ஒடிஞ்சது என்னாலதான். காய்ச்சலோட வண்டி பூட்டினது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க, நான் போறேன். குடிச்சிருந்தேன்னு மட்டும் எழுதாதீங்க."

அப்படித்தான் எழுதினார்கள். இரண்டு மாதக் கடுங்காவல். வண்டி ஓட்டும் உத்தரவையும் பறித்துக்கொண்டார்கள். பிரக்கிராசி வெளியே வந்து என்னிடம், மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். "அங்கேயும் அவளை நிக்க வச்சுக் கேப்பாங்க" என்றார்.

சிறையில் கல் உடைக்க விட்டார்கள். காய்ச்சல் திரும்பியது. அவர் வெளியே வந்த அன்று நான் வாசலில் காத்திருந்தேன். முதலில் யாரோ என்று நினைத்துவிட்டேன். அவ்வளவு பெரிய உடம்பு, சட்டைக்குள் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. காது நிரந்தரமாகப் போய்விட்டது. என்னை, "நீ கடைக்குப் போ, நான் வந்துடுறேன்" என்று அனுப்பிவிட்டார். பொழுது சாயும்வரை வரவில்லை. அண்ணி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவழியாக வந்து சேர்ந்தார். வாசற்படியில் உட்கார்ந்து அண்ணியிடம் சொன்னார்: "சாராயக் கடைக்குப் போனேன். ஒரு கிளாஸ் வாங்கி முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லாரும் பார்த்தாங்க. அதான் எழுதிட்டாங்களே, இனிமே எதுக்குக் குடிக்காம இருக்கணும்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒரு காரணமும் தோணல. ஆனா குடிக்கலை. அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

அண்ணி கிட்டே போகவில்லை. மோந்து பார்க்கவில்லை. "எந்திரிங்க, சுடுதண்ணி வச்சிருக்கேன், குளிங்க" என்று மட்டும் சொன்னார்கள். அவருக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் எழுந்து போனார்.

அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. மாடுகளை விற்றோம். அவற்றை ஓட்டிக்கொண்டு போனபோது அவர் வெளியே வரவில்லை. அடுத்த மழை விடுவதற்குள் போய்விட்டார். சுடலையில் நம் ஆட்களே இரண்டு பேர், குடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவர்களுக்கும் அவர்மேல் பகை ஒன்றுமில்லை. கோர்ட்டு சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். கோர்ட்டு எழுதியது ஒரு மனுஷன் செத்தபிறகும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, உன் லொறிக்காரன் குடிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடித்திருக்கலாம். குடித்துவிட்டு லொறி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆளைக் கொல்கிறார்கள். அவர்களைத் தண்டிக்கத்தான் வேண்டும். அவன் குடித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கொன்ஸ்டபிளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் கோட்டில் நேராக நடக்கவில்லை என்பது மட்டும்தான். ஏன் நடக்கவில்லை என்று கேட்க வேண்டியவன் நீ. அவனுக்குக் கால் எப்படி, காது எப்படி, என்ன மருந்து சாப்பிட்டான், முந்தின நாள் தூங்கினானா, எந்தப் பாஷையில் அவனிடம் பேசினார்கள் என்று உட்கார்ந்து கேள். கேட்டபிறகும் அவன் குடித்தேன் என்றால் ஒப்புக்கொள்ளச் சொல். இல்லை என்றால், அபராதத்தோடு போய்விடும் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. அந்தச் சொல்லை நான் என் அண்ணனிடம் சொன்னவன்.

இன்று எழுத உட்காருவதற்கு முன்னால் உன் கடிதத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். சுண்ணக்கட்டியில் கோடு போட்டார்கள் என்ற இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். கடிதம் முடிந்தது. இவ்வளவு காலம் மறைத்ததை இப்போது அவனுக்கு எழுதட்டுமா அண்ணி என்று கேட்டேன்.

"எழுதுங்க தம்பி. அவன் இனிமே அங்கதானே நிக்கப் போறான்" என்றார்கள். பிறகு கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "அந்த டிரைவருக்குப் பொண்டாட்டி இருக்காளா?" என்று கேட்டார்கள்.

"தெரியலையே அண்ணி, அவன் எழுதலை."

"இருந்தா அவளையும் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க. பயந்துக்கிட்டுத்தான் வருவா. நம்ம பிரக்கிராசி வீட்டுல எத்தனையோ நாள் போய்க் காத்துக்கிடந்தேன், ஒரு நாள் கூட யாரும் என்னை உக்காருன்னு சொல்லலை. அவ வந்தா, முதல்ல அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

அவர்கள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா